வண்டி முதலில், கட்டில் அப்புறம்

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது 62. நானும் மனைவியும் ஊர் ஊராகப் போய்த் தங்கிவர ஒரு வேனை வாங்கி, கட்டில், சமையல் மேடை, அலமாரி எல்லாம் வைத்து கேம்பராக மாற்ற விரும்புகிறோம். 2014 மாடல், 12 சீட் டெம்போ டிராவலர் ஒன்று வந்திருக்கிறது. சுற்றுலா வண்டி, மஞ்சள் போர்டு. மீட்டரில் 2,10,000 கி.மீ. காட்டுகிறது. பெயின்ட் புதிதாக இருக்கிறது. 4.75 லட்சம் கேட்கிறார்கள். டாடா விங்கரும் பார்த்தோம். மொத்தமாகப் 10 லட்சம் வரை செலவழிக்க முடியும். தச்சர் தெரிந்தவர், அவருக்கு வரைபடமும் முன்பணமும் கொடுத்திருக்கிறேன். உள்ளே வைக்கப்போகும் பொருட்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். இவ்வளவு ஓடிய இன்ஜின் நடுவழியில் விட்டுவிடுமோ என்பதுதான் பயம். வாங்கியதும் இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்துவிடலாமா? மகன், புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியாகப் பாருங்கள் என்கிறான். உங்கள் கருத்து?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது இது இன்ஜின் பற்றிய கடிதம் என்று நினைத்தேன். இரண்டாம் தரம்தான் அந்தத் தச்சர் வரி கண்ணில் பட்டது. வண்டி இன்னும் உங்கள் பெயருக்கு வரவில்லை, அதற்குள் கட்டிலுக்கு அட்வான்ஸ் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நாமக்கல் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்து 31 வருடம் ஆகிறது. கேம்பர் ஆசையோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருவோம். 2,10,000 கி.மீ. என்பது டிராவலர் டீசல் இன்ஜினுக்குப் பெரிய ஓட்டமே இல்லை. 1987இல் பஜாஜ் டெம்போ, ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டோடு இந்த வண்டியைக் கொண்டுவந்தது. 2005இல் நிறுவனத்தின் பெயர் ஃபோர்ஸ் என்று மாறியும் ஊர் வாய் இன்னும் டெம்போ டிராவலர் என்றுதான் சொல்கிறது. பள்ளி வேன், ஆம்புலன்ஸ், கல்யாண வண்டி என்று எல்லா ஊரிலும் ஓடுவதால் அதற்குக் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் உதிரி பாகமும் சின்ன டவுனில்கூடக் கிடைக்கும். நெடும்பயணம் போகிறவருக்கு இதுதான் முதல் நம்பகம். எந்த வண்டியும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நின்ற ஊரிலேயே சரி செய்ய முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் 2,10,000 என்ற எண்ணை நான் நம்பவில்லை. 2014 சுற்றுலா வண்டி நன்றாக ஓடிய காலத்தில் வருடத்துக்கு 40,000, 50,000 என்று ஓடியிருக்கும். மீட்டரைக் குறைத்திருக்கலாம். அல்லது வண்டி நெடுநாள் சும்மா நின்றிருக்கலாம். இதில் எது என்று கேட்டால், மீட்டர் குறைத்த வண்டியைவிடச் சும்மா நின்ற வண்டிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சுற்றுலா வேன்கள் நின்ற நிலை உங்களுக்கு நினைவிருக்கும். புளியமரத்தடியில், ஷெட்டுக்கு வெளியே, மாதக்கணக்கில் கிடந்தன. நிற்கிற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீல் சிலிண்டர் உள்ளே துருப் பிடிக்கும். டீசல் டேங்கின் மேல்பாதியில் வியர்த்து, அடியில் தண்ணீர் சேரும். ரப்பர் சீல்கள் காயும். ஒரே இடத்தில் அழுந்திய டயரின் பக்கச்சுவர் வெடிக்கும். எலி ஒயரைக் கடிக்கும். கடித்ததை ஏதோ ஒரு எலக்ட்ரீஷியன் டேப் சுற்றி ஒட்டியிருப்பார். இவையெல்லாம் மீட்டரில் தெரியாது. விற்பவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

ஆகவே ஓட்டத்தை மீட்டரில் தேடாதீர்கள். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று எந்தெந்த வருடம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். சுற்றுலா வண்டிக்கு 8 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம் எஃப்.சி. உண்டு. இடையில் ஒன்றரை வருடம் விட்டுப் போயிருந்தால் வண்டி நின்றிருக்கிறது என்று அர்த்தம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். நீங்கள் எண்ணைப் பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம், ஸ்டீயரிங் வளையம், இவை மூன்றும் பொய் சொல்லாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினைப் பிரிக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நன்றாக ஓடும் இன்ஜினைப் பயத்துக்காகப் பிரிப்பது, தூங்குகிறவரை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுப்பது மாதிரி. கம்பெனியில் ஒட்டிய கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டைக் கிழித்து, கையால் முறுக்கிய போல்ட்டோடு திரும்ப மூடுவதில் உங்களுக்கு என்ன லாபம்? முதலில் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள். இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஒரு தடவை கிளப்பியிருக்கிறார்கள். அப்படியானால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, பிடித்ததும் வரும் புகை என்ன நிறம், எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அரை நிமிடம் வெள்ளைப் புகை வந்தால் பரவாயில்லை. நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அப்படியே வாய்மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் சரி. ரயில் இன்ஜின் மாதிரி புகை தள்ளி மூடியைத் தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரின் உள் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தால்தான் ஓவர்ஹால் பேச்சே வர வேண்டும்.

என் அனுபவத்தில் இந்த வண்டிகளைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை, தண்ணீர். நம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. கூலன்ட் ஊற்றக் காசு பார்த்து, ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே உப்புப் படிந்து பாதிக் குழாய் அடைத்திருக்கும். வண்டி ஹீட் ஆகும்போது, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இனிமேல் வராது என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சமவெளியில் அந்த வைத்தியம் பலிப்பது போலத் தெரியும். மலையில் மாட்டிக்கொள்வீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் நல்லது. காவி நிறத் தண்ணீர் என்றால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் செலவுக் கணக்கில் வரும். எண்ணெய் மிதந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பெயின்ட் புதிதாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி இல்லை. சன்னமான துணியில் ஒரு காந்தத்தைச் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு, படிக்கட்டு ஓரம், கூரையின் தண்ணீர்க் கால்வாய் ஆகியவற்றில் ஒட்டிப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது. வண்டி எந்த ஊரில் ஓடியது என்றும் விசாரியுங்கள். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் என்று கடல் காற்றில் நின்ற வண்டி என்றால் அடியில் படுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கேம்பராக்கும் வண்டிக்குத் துரு மற்ற வண்டியைவிட இரட்டை ஆபத்து. நீங்கள் உள்ளே பஞ்சு வைத்துப் பலகை அடிக்கப்போகிறீர்கள். இருவர் இரவு முழுக்க விடும் மூச்சும், சமைக்கிற ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிப் பஞ்சில் தங்கும். துரு உள்ளிருந்து தின்னும். பலகையைக் கழற்றும் நாள் வரை உங்களுக்குத் தெரியாது.

இப்போது என் கதை. 2006இல், இதே மாதிரி ஒரு பழைய சுற்றுலா வேன் வாங்கினேன். வண்டி மெக்கானிக்கான எனக்குத் தெரியாததா என்ற எண்ணம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு நேராகத் தச்சரிடம் கொண்டுபோய் விட்டேன். தேக்குச் சட்டம், 18 எம்.எம். பிளைவுட், மேலே மைக்கா, பார்க்க மாளிகை மாதிரி இருந்தது. கட்டிலின் கால்களைத் தரையோடு சேர்த்துப் போல்ட் போட்டோம். முதல் பயணம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் ஏறியதும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இரவு முழுக்க அந்த வளைவு ஓரத்திலேயே படுத்துக்கிடந்தோம். கட்டில் சுகமாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. இழுத்துக்கொண்டுவந்து கேஸ்கெட் மாற்றியது இரண்டு நாள் வேலை. அடுத்த மாதம் டீசல் முள் வேலை செய்யவில்லை, டேங்கை இறக்க வேண்டும். டேங்கின் போல்ட்டைக் கழற்றியும் டேங்க் இறங்கவில்லை. ஏனென்றால் கட்டில் கால் போல்ட்டின் நுனி டேங்க் பட்டையைத் தாண்டி இறங்கி நிற்கிறது. ஒரு மணி நேர வேலைக்காகக் கட்டில், அதற்காக அலமாரி, அதற்காகச் சமையல் மேடை என்று முழு மாளிகையையும் பிரித்தேன். தச்சரைக் குறை சொல்லவில்லை. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு பலகையும் ஒரு மெக்கானிக்கின் கை போகும் வழியை அடைக்கிறது. பழுது என்று ஒன்று இருந்தால் அது பலகைக்கு முன்னால் வெளியே வர வேண்டும். வண்டி தன் குறையைச் சொல்ல அதற்கு அவகாசம் கொடுங்கள். வாங்கியபின் மூன்று மாதம், குறைந்தது மூவாயிரம் கிலோமீட்டர், இருக்கிற சீட்டோடு ஓட்டுங்கள். மழையில் ஓட்டுங்கள், சித்திரை வெயிலில் ஓட்டுங்கள், ஒரு வாரம் நிறுத்திவைத்துக் கிளப்புங்கள். தூங்க வேண்டுமென்றால் சீட்டின்மேல் ஒரு மெத்தை போதும். அந்த மூன்று மாதத்தில் எங்கே ஒழுகுகிறது, எது ஆடுகிறது, எந்தப் பக்கம் தலை வைத்தால் தூக்கம் வருகிறது, உங்கள் மனைவியின் முழங்காலுக்கு அந்தப் படி ஒத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். தச்சருக்கு நீங்கள் கொடுத்திருக்கும் வரைபடம் அதற்குள் பாதி மாறிவிடும், பாருங்கள்.

வரைபடம் என்றதும் எடைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியனுப்பிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். 18 எம்.எம். பிளைவுட் எட்டுக்கு நான்கடிப் பலகை ஒன்று 33 கிலோ அளவில் வரும். தச்சர் சொன்ன 12 பலகைக்குச் சுமார் 400 கிலோ. 150 லிட்டர் தண்ணீர், 150 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி இரண்டு, 110 கிலோவுக்கு மேல். கூரைமேல் ஏ.சி., கேரியர், சோலார் மூன்றும் சேர்த்து 80. பிரிட்ஜ், அடுப்பு, சிலிண்டர் 50. நீங்கள் இருவரும் உங்கள் துணிமணியும் 180. மொத்தம் 970 கிலோ. இதே வண்டியில் டிரைவரோடு 13 பேர் ஏறினால், ஆளுக்கு 65 கிலோ வைத்து 845. கழற்றப்போகும் சீட்டுகளின் எடையையும் சேர்த்தால் இரண்டு கணக்கும் கிட்டத்தட்டச் சமம்.

அப்படியானால் பிரச்சினை இல்லையே என்று தோன்றும். ஆனால் பயணி இறங்கிவிடுவார், அலமாரி இறங்காது. முழுச் சுமையை வாரத்தில் இரண்டு நாள் தூக்கிய வண்டி, இனி இரவும் பகலும், நிற்கும்போதும், அதையே தூக்கிக்கொண்டு நிற்கப்போகிறது. பின் ஸ்பிரிங் பட்டை படிந்துபோகும். ஒரு பக்கம் மட்டும் சமையல் மேடையும் தண்ணீரும் பேட்டரியும் வந்தால் அந்தப் பக்கம் சாய்ந்தே ஓடும். டயர் ஓரம் தேயும். கூரைமேல் ஏறும் 80 கிலோ வளைவில் உங்களை வெளியே தள்ளும். பின் அச்சுக்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டி வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். ஆகவே பிளைவுட்டை 12 எம்.எம்.க்குக் குறையுங்கள், பலகை ஒன்று 22 கிலோதான். அலமாரிக்கு அலுமினியச் சட்டம் போடலாம். தேக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

ட்யூபுலர் பேட்டரி இரண்டையும் விட்டுவிட்டு, 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று வாங்குங்கள். பன்னிரண்டு கிலோ சொச்சம்தான். இரண்டு மின்விசிறி, விளக்கு, செல்போன், ஒரு சின்ன 12 வோல்ட் பிரிட்ஜ் ஆகியவற்றுக்கு ஒரு இரவும் மறுபகலில் கொஞ்சமும் தாங்கும். பகலில் சோலார் ஏற்றிவிடும். ஏ.சி. மட்டும் தாங்காது. ஒரு டன் ஏ.சி. ஓடினால் அந்த பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் காலி. ஏ.சி. இல்லாமல் முடியாது என்றால் கரன்ட் கனெக்‌ஷன் கிடைக்கும் இடத்தில் மட்டும் தங்குங்கள். இன்டக்‌ஷன் அடுப்பும் அதே கதைதான். 12 வோல்ட்டில் 2,000 வாட் என்றால் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு ஒயரிங் செய்கிறவர் போடும் ஒயர் அதில் உருகிவிடும். வண்டியின் பழைய ஒயரிங்கிலிருந்து எதையும் தட்டி இழுக்காமல், வீட்டுப் பகுதிக்குத் தனி ஒயர், தனி ஃப்யூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃப்யூஸ் ஒன்று வையுங்கள். நான் பார்த்த கேம்பர் தீ விபத்து இரண்டும் ஒயரிங்கில் வந்தவை. சமையலுக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வண்டிக்குள் ஏற்ற வேண்டாம். ஐந்து கிலோ சிலிண்டர் போதும். சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2014இல் திருச்சியில் பதிவான வண்டி பி.எஸ்.3. நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தது 2017 ஏப்ரலில், பி.எஸ்.6 2020 ஏப்ரலில். புதிய வண்டியில் பிரேக், சீட் பெல்ட், புகை எல்லாமே மேல். ஆனால் அதில் சென்சார் அதிகம். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொள்கிற பழக்கம் அதற்கு ஆகாது. ஒரு சென்சார் கோளாறானால் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். பத்து லட்சத்துக்குள் நல்ல பி.எஸ்.6 வண்டி வாங்கினால் உள்ளே கட்டப் பணம் மிஞ்சாது. மகன் மிச்சத்தைப் போடுவதாக இருந்தால் நான் அவர் பக்கம் வந்துவிடுகிறேன். டாடா விங்கரும் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி அது. தரை தாழ்வு, உங்கள் மனைவிக்கு ஏற எளிது. பின்னால் சுமையை ஏற்றிக்கொண்டு ஈர மண் ஏற்றத்தில் போனால் முன்சக்கரம் சுழலும். தார் ரோட்டை விட்டு இறங்கமாட்டேன் என்றால் நல்ல தேர்வு.

அடுத்தது காகிதம். இதை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள், நீங்கள் முன்பணத்துக்கு முன்னால் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. சீட்டைக் கழற்றுவதே ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையை மாற்றுவதுதான். மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. உங்கள் தச்சர் அடித்த கட்டிலைப் பார்த்துவிட்டு ஆர்.டி.ஓ. ‘கேம்பர் வேன்’ என்று எழுதிக் கொடுப்பார் என எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் பதிவு செய்யப்போகும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போய், இந்த மாடலை, மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டாக்கி, கேம்பராக மாற்ற என்னென்ன வேண்டும், லைஃப் டாக்ஸ் எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வழி பதிலை நம்பிப் பணம் போட வேண்டாம். அனுமதி பெற்ற பாடி கட்டும் கூடத்தில்தான் செய்ய வேண்டும் என்றால் கரூர் உங்களுக்குப் பக்கம்தான். தச்சரோடு பேசி முன்பணத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்தன்று அவர்கள் கை விரிப்பார்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் குறிப்பு இருக்கிறதா, ஆன்லைன் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியிலேயே பார்த்துவிடலாம். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் கார் லைசென்ஸ் 7,500 கிலோ வரையிலான வண்டிகளுக்குச் செல்லும். டிராவலர் அதற்குள்தான் வருகிறது.

சரி, வாங்கலாமா வேண்டாமா? இதற்கு என்னால் திருச்சியிலிருந்து வந்த ஒரு கடிதத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அது சுற்றுலா வண்டிதானே? பர்மிட் உயிரோடு இருந்தால், அந்த வண்டியையே டிரைவரோடு ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய் வாருங்கள். புண்ணியத்துக்குப் புண்ணியம். நான் கூட்டிக் காட்டிய அந்த 970 கிலோவோடு உங்கள் கேம்பர் எப்படி ஓடும் என்பதை அன்றே பார்த்துவிடலாம். முன் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுகிறதா, வளைவில் இரண்டாவது கியர் மாறும்போது கரகரக்கிறதா, கிளட்ச் வாசம் வருகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறாரா, கியரில் பிடித்துக்கொண்டு வருகிறாரா என்றும் கவனியுங்கள். அது அவரைப் பற்றிச் சொல்லும், அவரிடம் இத்தனை வருடம் இருந்த பிரேக் பற்றியும் சொல்லும். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூடான இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பச் சொல்லுங்கள். காலையில் உடனே பிடித்து, சூட்டில் பிடிக்கத் திணறினால் டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நாசில் பக்கம் செலவு இருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் அன்றைக்குத் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

இந்தப் பயணத்தில் தேறினால் விலை பேசுங்கள். 4.75 என்பதில் பேரத்துக்கு இடம் இருக்கிறது. டயரின் வருட எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள். உங்கள் பத்து லட்சத்தில் ஒன்றரை லட்சத்தை வண்டி வேலைக்கென்று தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். ரேடியேட்டர், ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட், பிரேக் முழுக்க, பேட்டரி, டயர், ஸ்பிரிங் பட்டை, அடித்துரு, இவற்றுக்குத்தான் அந்தப் பணம். மிஞ்சினால் மிஞ்சட்டும். தச்சர் கேட்டாலும் அதிலிருந்து கொடுக்காதீர்கள். பயணத்தில் தேறாவிட்டால் ஒரு நாள் வாடகையோடு போயிற்று.

திரும்பும் வழியில் ஒரு எடை மேடையில் ஆட்களோடு வண்டியை ஏற்றுங்கள். மொத்த எடையோடு முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டையும் ஆர்.சி.யின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று அப்புறம் பேசுவோம்.